காசு கொடுத்தே வாங்கியிருக்கலாமே, சார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் வெள்ளிக்கிழமை இரவுகளில் செஜாரா, அதாவது வரலாறு, டியூஷன் எடுக்கிறேன். படிவம் 4, படிவம் 5 பிள்ளைகள். பாதிப் பேர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மோட்டாரில் வருகிறவர்கள். உலகப் போர் பாடம் வரும் வாரம், பையில் ஒரு பொட்டலம் ஒட்டுப்பால் (ரப்பர் மரத்தில் வடிந்து உறைந்த பால்) கொண்டுபோவேன். மேசைமேல் பிரித்து வைத்து இரண்டு நிமிடம் ஆகாது, முன்வரிசை மூக்கைப் பொத்தும். பின்வரிசையில் ஒருவன் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பான். தாத்தா பாட்டி காலமெல்லாம் தோளில் சுமந்த வாடை அது. பேரப்பிள்ளைகளுக்கு என்னவென்றே தெரிவதில்லை. தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டது. அப்பா ஈப்போவில் ஏதோ தொழிற்சாலைக்குப் போகிறார். மிச்சமிருக்கும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளி.

"இதுக்காகத்தான் ஜப்பான்காரன் நம்ம ஊருக்கு வந்தான்" என்று ஆரம்பிப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் கையைத் தூக்கினான். "வேணும்னா காசு குடுத்தே வாங்கியிருக்கலாமே, சார்? எதுக்கு சண்டை?"

வகுப்பு சிரித்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை.

பிள்ளைகள் மனப்பாடம் செய்துவைத்திருக்கும் குறிப்பு எனக்கும் மனப்பாடம்தான். ஜப்பான் மலாயாவைத் தாக்கியதற்கான பக்தோர், அதாவது காரணங்கள்: மூலப்பொருள் தேவை, மக்கள்தொகைப் பெருக்கம், பேரரசு விரிவாக்கம், எட்டுத் திசையையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரும் ஹாக்கோ இச்சியு கொள்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம், ஓர் எடுத்துக்காட்டு. தாளில் எழுதினால் மதிப்பெண் விழும். 2013 முதல் செஜாராவில் தேறாவிட்டால் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழே இல்லை என்பதால் நானும் இதைத்தான் ஊட்டிவந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பையனின் கேள்விக்குப் பதிலும் இல்லை. மூலப்பொருள் தேவை 1910இலும் இருந்தது, 1925இலும் இருந்தது. தேவைப்பட்டவனெல்லாம் சுவரேறிக் குதிப்பதில்லையே. 1941 டிசம்பரில் மட்டும் ஏன்?

அன்றிலிருந்து பாடத்தை அவன் கேள்வியை வைத்தே நடத்துகிறேன்.

முதல் பதில், வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது. 1920களின் தொடக்கத்திலிருந்தே ஜொகூரில் பத்து பகாட் பக்கம் ஜப்பானிய நிறுவனம் இரும்புத் தாது தோண்டியது. பிறகு திரெங்கானு டுங்குனில் அதைவிடப் பெரிய சுரங்கம். தோண்டிய தாது ஜப்பானுக்குக் கப்பலேறியது, எல்லாம் பிரிட்டிஷ் ஆட்சிக்குத் தெரிந்தே. ஜொகூரில் ஜப்பானியர்களுக்குச் சொந்தமாக ரப்பர்த் தோட்டங்களும் இருந்தன. எண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அமெரிக்காவே விற்றது. பின்னால் குண்டு போட்டுக்கொண்ட இருவரும் அதுவரை கடைக்காரனும் வாடிக்கையாளனுமாகத்தான் இருந்தார்கள்.

வாங்கக் காசு வேண்டும். ஜப்பானுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிள்ளைகள் கார், டிவி என்பார்கள். அந்தக் காலத்தில் பட்டு. அமெரிக்கப் பெண்கள் காலில் போடும் நீளக் காலுறைக்கான பட்டு நூல். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிதானமாகப் போவேன், ஏனென்றால் நம் கதையும் இதேதான். மலாயா ரப்பரின் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கக் கார்களின் டயர். இங்கே ஒரு தமிழன் விடிவதற்கு முன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, உளியை எடுத்துக்கொண்டு தன் மர வரிசைக்குப் போனான். அங்கே ஒரு விவசாயி வீட்டுப் பெண் பட்டுப்புழுவுக்கு முசுக்கொட்டை இலை பறித்துப் போட்டாள். ஒருவர் இருப்பது ஒருவருக்குத் தெரியாது. இரண்டு வீட்டு உலையும் அமெரிக்கச் சந்தையை நம்பித்தான் கொதித்தது.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. 1925இல் ஒரு பவுண்டு 1 டாலரைத் தாண்டி விற்ற ரப்பர், 1932இல் 3 சென்டு அளவுக்கு வந்துவிட்டது. இந்த இரண்டு எண்ணையும் பலகையில் எழுதிவிட்டு, வீட்டுச் சம்பளத்தை அதே கணக்கில் குறைத்துப் பாருங்கள் என்பேன். தோட்டத்தில் கூலி வெட்டப்பட்டது. வேலையிழந்தவர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். ஜப்பானில் பட்டு விலை விழுந்ததும், வடக்குக் கிராமங்களில் மகளை விற்ற குடும்பங்கள் உண்டு. ராணுவத்தில் சேர்ந்த பையன்களில் நிறையப் பேர் அந்தக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களை நடத்திய இளம் அதிகாரிகள், இந்தக் கஷ்டத்துக்கெல்லாம் தோக்கியோவின் அரசியல்வாதியும் முதலாளியுமே காரணம் என்று முடிவு கட்டினார்கள்.

அதே நேரம் சந்தைக் கதவுகள் மூடின. 1930இல் அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றியது. 1932இல் ஒட்டாவாவில் கூடிய பிரிட்டிஷ் பேரரசு நாடுகள் தங்களுக்குள் சலுகை கொடுத்துக்கொண்டன. 1934இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளுக்கு வரும் ஜப்பானியத் துணிக்கு அளவு வைத்தார்கள், மலாயாவுக்கும் சேர்த்து. இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலையைக் காப்பாற்றப் போட்ட கட்டுப்பாடு அது. மலிவான ஜப்பான் துணி உடுத்திய தோட்டத்து ஏழையை யாரும் கேட்கவில்லை.

வகுப்பில் எப்போதும் ஒருத்தராவது இங்கே அவசரப்படுவார்கள். "அப்போ வெள்ளைக்காரன்தான் காரணமா, சார்?"

இல்லை, இங்கேதான் நிற்க வேண்டும். கதவு மூடியது எல்லார் முகத்திலும்தான். ஜப்பான் மற்ற பல நாடுகளைவிடச் சீக்கிரமாகவே நெருக்கடியிலிருந்து மீண்டது. மீட்டவர் தக்காஹாஷி கொரேக்கியோ என்ற நிதியமைச்சர், 80 வயதை எட்டிய மனிதர். பொருளாதாரம் எழுந்ததும், ராணுவச் செலவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்றார். 1936 பிப்ரவரி 26 அன்று இளம் ராணுவ அதிகாரிகள் வீடு புகுந்து அவரைக் கொன்றார்கள். அதற்கு முன்பே, 1932 மே 15இல், பிரதமர் இனுக்காய் சுயோஷியைக் கடற்படை இளைஞர்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். கணக்குப் பார்த்தவர்களை ஒவ்வொருவராக அகற்றினால் மிச்சமிருப்பது யார் என்று கேட்டால், படிவம் 4 பிள்ளைகளுக்கே பதில் தெரிகிறது.

இதைவிட முக்கியமான ஒன்று குறிப்புகளில் வருவதே இல்லை. ஜப்பானிய ராணுவம் அமைச்சரவைக்குக் கட்டுப்பட்டதல்ல. 1936 முதல், பணியிலிருக்கும் தளபதியே ராணுவ அமைச்சராக இருக்க வேண்டும் என்ற விதி திரும்ப வந்தது. ராணுவத்துக்கு ஒரு பிரதமரைப் பிடிக்கவில்லையென்றால், தன் அமைச்சரை விலகச் சொல்லிவிட்டு வேறு ஆளைத் தர மறுத்தால் போதும், ஆட்சி கவிழும். 1940 ஜூலையில் பிரதமர் யோனாய் அப்படித்தான் போனார்.

இப்போது சீனாவுக்கு வருவேன். 1931 செப்டம்பர் 18 அன்று மஞ்சூரியாவில் முக்டென் அருகே ரயில் தண்டவாளத்தில் ஒரு குண்டு வெடித்தது. வைத்தவர்கள் அங்கிருந்த ஜப்பானிய அதிகாரிகளே. பழியைச் சீனர்மேல் போட்டு மஞ்சூரியா முழுவதையும் பிடித்தார்கள். தோக்கியோ உத்தரவிடவில்லை, தடுக்கவும் இல்லை, பிறகு ஏற்றுக்கொண்டது. உலக நாடுகள் சங்கம் கண்டித்தபோது 1933இல் அதைவிட்டு வெளியேறியது. 1937 ஜூலை 7 அன்று பெய்ஜிங் அருகே மார்கோ போலோ பாலத்தில் ஒரு சிறு மோதல், அதிலிருந்து முழுப் போர். சீக்கிரம் முடிந்துவிடும் என்று இறங்கியது முடியவே இல்லை.

ஆலோங்கிடம் (கந்துவட்டிக்காரனிடம்) கடன் வாங்கியவன் கதையைச் சொன்னால் இது சட்டென்று விளங்கிவிடும். எங்கள் பக்கத்தில் அந்தக் கதை தெரியாத பிள்ளை குறைவு. முதல் ஆலோங்குக்குக் கட்ட இரண்டாவது ஆலோங், அவனுக்குக் கட்ட மூன்றாவது. மஞ்சூரியாவைக் காக்க வட சீனா வேண்டியிருந்தது. வட சீனாவைக் காக்கச் சீனா முழுவதும். சீனாவை முடிக்க எண்ணெய். எண்ணெய்க்குத் தெற்கே போக வேண்டும். "மூலப்பொருள் தேவை" என்று நாம் எழுதும் அந்த ஒரு வரி, பெரும்பங்கு இந்தப் போரே உண்டாக்கிய தேவை. பசித்தவன் சண்டைக்குப் போனான் என்று மட்டும் சொன்னால் பாதிதான் வரும். சண்டைக்குப் போனதால் பசி பெருகியது என்ற பாதியை மாணவன் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவேன். சில வகுப்புகளில் கண்டுபிடிக்கிறார்கள், சில வகுப்புகளில் மணி அடித்துவிடுகிறது.

விற்றவன் எப்போது நிறுத்தினான்? மெதுவாக. 1939 ஜூலையில் அமெரிக்கா வர்த்தக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 1940 இலையுதிர் காலத்தில் பழைய இரும்பு விற்பனை நின்றது. 1941 ஜூலையில் ஜப்பான், பிரான்சு ஆண்ட தென் இந்தோசீனாவுக்குள் (இன்றைய வியட்நாம், கம்போடியா பக்கம்) படையை இறக்க, அமெரிக்கா ஜப்பானின் பணத்தை முடக்கியது. ஆகஸ்டில் எண்ணெயும் நின்றது. பிரிட்டனும், இன்றைய இந்தோனேசியாவை ஆண்ட டச்சு நிர்வாகமும் கூடவே கதவைச் சாத்தின. கையிருப்பு சுமார் இரண்டு வருடத்துக்குத்தான் வரும்.

கடற்படைத் தலைமைத் தளபதி நகானோ அந்த அக்டோபரில் ஒரு கூட்டத்தில், மணிக்கு 400 டன் எண்ணெய் எரிந்துகொண்டிருக்கிறது என்றார். என் வகுப்பு இரண்டு மணி நேரம். நீங்கள் வந்து உட்கார்ந்து, போன் பார்த்து, மைலோ வாங்கக் கீழே போய்த் திரும்பி வருவதற்குள் 800 டன் போய்விட்டது என்பேன். இதைச் சொன்னபின் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும் முகங்கள் கொஞ்சம் மாறும். ஜப்பான் தலைவர்கள் அந்த வருடம் இப்படி ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் முடிவெடுத்தார்கள். பொறுத்திருந்தால் கப்பலே ஓடாது, அடிப்பதானால் இப்போதே அடிக்க வேண்டும் என்ற கணக்கு. மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது.

அதைப் பிள்ளைகள்தான் முதலில் சொல்வார்கள். "சைனாவ விட்டு வெளிய வந்திருக்கலாமே?" நவம்பர் 26 அன்று அமெரிக்கா கொடுத்த குறிப்பிலும் அதுதான் இருந்தது. அக்டோபர் அமைச்சரவையில் ராணுவ அமைச்சர் தோஜோ இதை ஒப்பவே இல்லை. இத்தனை உயிரைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா, திரும்பினால் மஞ்சூரியாவும் கொரியாவும் நிலைக்குமா என்பது அவர் வாதம். இரண்டே நாளில் பிரதமர் கொனோயே விலகினார். அந்த இடத்துக்குத் தோஜோ வந்தார்.

செப்டம்பர் 5ஆம் தேதி நடந்த ஓர் உரையாடலை நடித்துக் காட்டச் சொல்வேன். பேரரசர் ஹிரோஹித்தோவாக ஒருவர், தரைப்படைத் தலைமைத் தளபதி சுகியாமாவாக ஒருவர். தென்திசைப் போர் எவ்வளவு நாள் ஆகும் என்று பேரரசர் கேட்க, மூன்று மாதம் என்கிறார் தளபதி. சீனாவை ஒரே மாதத்தில் முடிப்பதாகச் சொன்னீர்களே, நாலு வருடம் ஆயிற்றே என்கிறார் பேரரசர். சீனாவின் உட்பகுதி பெரிது என்று தளபதி இழுக்க, பசிபிக் அதைவிடப் பெரிதல்லவா என்று திருப்பிக் கேட்கிறார். இந்த இடத்தில் வகுப்பே சிரிக்கும். அப்புறம் என்ன சார், நிறுத்திட்டாரா என்பார்கள். நிறுத்தவில்லை. டிசம்பர் 1ஆம் தேதி அவர் முன்னிலையில்தான் போர் முடிவானது. முழுக்கத் தெரிந்தும் போன போர் என்பது பிள்ளைகளுக்கு ஜீரணிக்கக் கஷ்டமாக இருக்கிறது. கிறுக்கன் தொடங்கினான் என்றால் எளிதாக இருந்திருக்கும்.

ஐரோப்பாவைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. 1940 மே மாதம் நெதர்லாந்து ஹிட்லரிடம் விழுந்ததும் டச்சுக்காரனின் கிழக்கிந்தியத் தீவுகள் தாயில்லாப் பிள்ளையாகின. ஜூனில் பிரான்சு விழ, இந்தோசீனாவும் அப்படியே. பிரிட்டன் தன் வீட்டைக் காக்கவே திணறியது. ரஷ்யாவோடு 1941 ஏப்ரலில் நடுநிலை ஒப்பந்தம் ஆகிவிட்டதால் வடக்கிலும் தொல்லை இல்லை. பூட்டிய கடை, காவலாளி இல்லை.

இனி வரைபடம். இங்கேதான் நான் என் ஒட்டுப்பாலையே மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. எண்ணெய் இருந்தது சுமத்ராவின் பாலெம்பாங்கிலும் போர்னியோவின் மீரி, சீரியா, தாராக்கான், பாலிக்பாப்பான் பக்கமும். அங்கே போகிற வழியில் குறுக்கே நின்றது 1938இல் பிரிட்டன் திறந்த சிங்கப்பூர் கடற்படைத் தளம். அதன் பின்வாசல் மலாயா. உலக ரப்பரில் 40 விழுக்காட்டை நெருங்கியும், ஈயத்தில் பாதிக்கு மேலும் தந்த நாடு என்பதால் மலாயாவும் பெரிய பரிசுதான். ஆனாலும் "இதுக்காகத்தான் வந்தான்" என்று நான் ஆரம்பித்தது பாதிதான் சரி. கடிகாரம் ஓடியது எண்ணெய்க்காக. நாம் வழியில் இருந்தோம்.

கிளந்தான் மாநிலத்துக் கோத்தா பாருவைப் பற்றி ஒரு புதிர் போடுவேன். ஹவாயில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரில் போர் தொடங்கியது டிசம்பர் 7, கோத்தா பாருவில் தரையிறங்கியது டிசம்பர் 8, எது முதல்? எல்லாரும் பேர்ல் ஹார்பர் என்பார்கள். போனில் நேரக் கணக்குப் போட்டுப் பார்த்தால், கிளந்தான் கரையில் நள்ளிரவு கடந்ததும் முதல் குண்டு வெடித்தபோது ஹவாயில் இன்னும் ஏழாம் தேதி விடியற்காலை. அங்கே விமானம் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்பாகவே இங்கே சண்டை தொடங்கிவிட்டது. கிளந்தானுக்கு இந்த முதலிடம் கிடைத்ததில் எங்கள் பையன்களுக்கு ஏனோ ஒரு பெருமை.

போர் எந்த வருடம் தொடங்கியது என்று பள்ளியில் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டு வரச் சொன்னேன் ஒருமுறை. 1939 என்றார்கள் பாடநூல் படித்தவர்கள். சீனத் தோழியைக் கேட்டவள் 1937 என்று எழுதி வந்தாள். அந்தத் தோழியின் குடும்பத்தில் சீனப் போருக்கு நிதி திரட்டிய கதை இருக்கிறது. 1938இல் சிங்கப்பூரில் டான் கா கீ என்ற சீனத் தொழிலதிபர் தலைமையில் நிதி திரட்டும் பெரிய அமைப்பே உருவாகி, மலாயா முழுவதும் சீனர் பணம் கொடுத்தார்கள். பின்னால் ஜப்பானியர் இங்கே சீனரைத் தேடித்தேடிக் கொன்றதற்கு அதுவும் ஒரு காரணம். நம் வீட்டில் கேட்டால் "ஜப்பான்காரன் காலம்" 1941 கடைசியில்தான் பிறக்கிறது. எந்த வருடத்திலிருந்து எண்ணுகிறோமோ, அதைப் பொறுத்துக் காரணமும் மாறிவிடுகிறது. 1941இல் தொடங்கினால் எண்ணெய், 1937இல் தொடங்கினால் சீனாவை விழுங்கப் பார்த்த ராணுவம்.

"ஆசியா ஆசியருக்கே" என்ற கோஷத்தைக் காரணங்களின் பட்டியலில் சேர்க்கும் பிள்ளைகளும் உண்டு. அது காரணம் ஆகாது, விளம்பரப் பலகை. ஆனால் அந்தப் பலகையை நம்ம ஆட்கள் ஏன் நின்று படித்தார்கள் என்பதற்கு 1941இன் முற்பகுதியிலேயே பதில் இருக்கிறது. கிள்ளான் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஆறேழு மாதத்தில் அதே துரைமார் சிங்கப்பூருக்கு ஓடுவதைத் தோட்டம் பார்த்தது.

பாடத்தின் கடைசிப் பகுதி ரப்பருக்கே திரும்பிவிடும். ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும், அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ரப்பர் அறவே நின்றது. அமெரிக்கா செயற்கை ரப்பர் செய்யக் கற்றுக்கொண்டது. ஜப்பானுக்கோ தன் தேவைக்குமேல் பல மடங்கு ரப்பர், ஏற்றிப்போகக் கப்பல் இல்லை. தோட்டங்கள் சும்மா கிடந்தன. அரிசி வரத்து நின்றதால் கிழங்கு நடும் உத்தரவு வந்தது. வேலையற்றுக் கிடந்த தோட்டத் தமிழன்தான், சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்குச் சுலபமாக அகப்பட்டான்.

போன வருடம் இந்தப் பாடத்துக்கு முன்பே, வீட்டில் பெரியவர்களிடம் ஜப்பான்காரன் எதற்கு வந்தான் என்று கேட்டுவரச் சொல்லியிருந்தேன். ஒரு பெண்ணின் கொள்ளுப் பாட்டிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அன்று சிறுமி. போனில் பதிவு செய்துவந்து வகுப்பில் போட்டுக் காட்டினாள். பின்னால் கோழி கூவுகிறது, யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். "ரப்பருக்கா வந்தான் பாட்டி?" என்கிறது பெண்ணின் குரல்.

"ரப்பரா? பால் எங்க வெட்டச் சொன்னான் அவன்? மரத்தச் சாச்சுட்டு கெழங்கு நடச் சொன்னான். வேல இல்லாம நின்ன ஆம்பளைங்கள லாரியில ஏத்துனான். சயாமுக்குன்னு சொன்னாங்க. எங்கப்பா சட்டைகூடப் போடல, அப்படியே ஏறுனாரு."